விடுவிக்கப்படாத சொல்: ஹிரூ ஒனோடாவின் வாழ்க்கை குறித்த நிகழ்வு ஆய்வு

1974 மார்ச் 9 அன்று, பிலிப்பைன்ஸைச் சேர்ந்த லுபாங் என்ற சிறு தீவில், ஜப்பானில் புத்தக வணிகம் செய்துவந்த யோஷிமி தனிகுச்சி என்பவர் ஓர் இராணுவக் கட்டளையை உரக்க வாசித்தார். அவர் எதிரே விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஜப்பானியப் பேரரசுப் படையின் இரண்டாம் லெப்டினன்ட் ஹிரூ ஒனோடா. பேரரசரின் ஆணைக்கு இணங்கப் பதினான்காம் பகுதிப் படை எல்லாப் போர் நடவடிக்கைகளையும் நிறுத்திவிட்டது என்றும், சிறப்புப் பிரிவினர் தம் இராணுவக் கடமைகள் அனைத்திலிருந்தும் விடுவிக்கப்படுகிறார்கள் என்றும் அந்தக் கட்டளை கூறியது. அந்தப் போர், அதாவது இரண்டாம் உலகப் போர், முடிந்து அப்போது 28 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. வாசித்தவர் இராணுவத்தில் இருந்த காலத்தில் மேஜராகவும் ஒனோடாவின் மேலதிகாரியாகவும் இருந்தவர். அந்த ஒரே தகுதிக்காகத்தான் அவரைத் தேடிப் பிடித்து, கடல் கடந்து அழைத்து வந்திருந்தார்கள்.

பழையதை விட்டுவிட வேண்டும், அப்போதுதான் மனிதன் வளர முடியும் என்ற அறிவுரையை நாம் ஒருவருக்கொருவர் தாராளமாக வழங்குகிறோம். துக்க வீட்டில் வழங்குகிறோம், மணமுறிவுக்குப் பின் வழங்குகிறோம், தொழிலில் நொடித்துப்போனவரிடம் வழங்குகிறோம். அதைப் பெற்றுக்கொண்டவர் தலையசைத்துவிட்டு, பழையதையும் கூடவே அழைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். அறிவுரையில் பிழை ஏதும் இல்லாதபோதும் அது ஏன் வேலை செய்வதில்லை என்ற கேள்வி என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்துவருகிறது. சாதாரண வாழ்க்கைகளில் இதை ஆராய்வது கடினம். ஒருவரைப் பழைய காலத்திலிருந்து மீட்க யார், எப்போது, என்ன சொன்னார்கள், அவர் அதற்கு என்ன பதில் கூறினார் என்பவை எங்கும் பதிவாவதில்லை. ஒனோடாவின் வாழ்வில் அவை பதிவாகியிருக்கின்றன. அவரை மீட்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுக்குத் தேதி இருக்கிறது, அவற்றை அவர் நிராகரித்ததற்கான காரணங்கள் அவர் வாய்மொழியாகவே இருக்கின்றன, இறுதியில் பலித்த முயற்சி எது என்பதும் ஐயமின்றித் தெரிகிறது. அதனால்தான் இந்த அரிய, மிகத் தீவிரமான நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

சொல் கொடுக்கப்பட்ட விதம்

ஒனோடா 1922 மார்ச் 19 அன்று வகயாமா மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். பதினேழாம் வயதில் சீனாவின் ஹான்கோ நகருக்குச் சென்று ஒரு ஜப்பானிய வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தார். பின்னர் இராணுவத்தில் சேர்க்கப்பட்டு, உளவுப் பணிக்கும் மறைந்திருந்து தாக்கும் போருக்கும் ஆட்களைத் தயாரித்த நகானோ பள்ளியின் ஃபுதமதா கிளையில் பயிற்சி பெற்றார்.

இந்தப் பயிற்சியின் தன்மையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1941-இல் ஜப்பானிய வீரர்களுக்கு வழங்கப்பட்ட களநெறி, உயிரோடு சிறைப்படும் இழிவை ஏற்கக் கூடாது என்று போதித்தது. ஒனோடாவின் தாயாரும் மகன் புறப்பட்டபோது, பிடிபட நேர்ந்தால் உயிரை மாய்த்துக்கொள்வதற்காக ஒரு குறுவாளைக் கொடுத்தனுப்பினார். ஆனால் நகானோ பள்ளியின் பாடம் இதற்கு நேர் எதிரானது. உயிரோடு இரு, எந்த இழிவையும் தாங்கிக்கொள், பணியைத் தொடர்ந்து செய் என்பதே அங்கே கற்பிக்கப்பட்டது. லுபாங்குக்கு அனுப்பப்பட்டபோது மேலதிகாரிகள் அவரிடம் கூறியதும் அதுவே: எந்த நிலையிலும் தற்கொலை செய்துகொள்ளக் கூடாது, சரணடையக் கூடாது, எத்தனை ஆண்டுகளானாலும் நாங்கள் திரும்பி வருவோம். கடைசி வரியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அது ஒருவழிக் கட்டளை மட்டுமன்று. நீ காத்திரு, நாங்கள் வருகிறோம் என்று இரு தரப்பும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்ட உடன்படிக்கை அது. ஒரு தரப்பு வந்து முடித்துவைக்காத வரை மறு தரப்பு காத்திருப்பதுதான் முறை என்று 22 வயது இளைஞன் ஒருவன் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

1944 டிசம்பர் 26 அன்று அவர் தீவில் இறங்கினார். விமான ஓடுபாதையையும் துறைமுகத்தின் படகுத்துறையையும் தகர்த்து, எதிரிகள் தீவைப் பயன்படுத்த முடியாமல் செய்வதே அவருக்கு ஒதுக்கப்பட்ட பணி. தீவில் ஏற்கனவே இருந்த, பதவியில் அவரைவிட உயர்ந்த அதிகாரிகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. 1945 பிப்ரவரி 28 அன்று அமெரிக்கப் படை தீவில் இறங்கியது. குறுகிய காலத்திலேயே ஜப்பானிய வீரர்களில் பெரும்பாலோர் இறந்தோ சரணடைந்தோ போக, ஒனோடாவோடு மூவர் மட்டுமே காட்டில் எஞ்சினர். கார்ப்பரல் ஷோயிச்சி ஷிமாடா, சிப்பாய்கள் கின்ஷிச்சி கொசுகா, யூயிச்சி அகாட்சு ஆகியோர் அவர்கள்.

தமக்கு ஒப்படைக்கப்பட்ட முதல் பணியையே செய்ய முடியாமல் போனவர் அவர். இந்த நிகழ்வைச் சொல்பவர்கள் அவருடைய விசுவாசத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், இந்தத் தோல்வியைப் பற்றி அரிதாகவே பேசுகிறார்கள். என் கணிப்பில், அடுத்து வந்த 29 ஆண்டுகளின் விதை இங்கேதான் இருக்கிறது. நிறைவாக முடித்த காரியம் மனிதனை எளிதில் விட்டுவிடுகிறது. கையில் கொடுக்கப்பட்டு, செய்ய வாய்ப்பில்லாமல் நழுவிப்போன காரியந்தான் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது.

சான்றுகள் வந்தன, நம்பிக்கை அசையவில்லை

1945 அக்டோபரில் முதல் துண்டறிக்கை அவர்கள் கைக்கு வந்தது. போர் ஆகஸ்ட் 15 அன்று முடிந்துவிட்டது, மலையிலிருந்து இறங்கி வாருங்கள் என்று அதில் எழுதியிருந்தது. சில நாட்களுக்கு முன்புதான் தங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்திருந்ததால், போர் முடிந்திருந்தால் யார் சுட்டிருப்பார்கள் என்று கேட்டு அதைப் பொய் என ஒதுக்கினார்கள். அந்த ஆண்டின் இறுதியில், பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் டொமொயுகி யமஷிடாவின் சரணடைவுக் கட்டளை விமானத்திலிருந்து வீசப்பட்டது. நால்வரும் அதை வரிவரியாகப் படித்து விவாதித்தார்கள், அதுவும் போலி என்று முடிவு செய்தார்கள். 1952-இல் அவர்களுடைய குடும்பத்தார் எழுதிய கடிதங்களும் குடும்பப் படங்களும் வீசப்பட்டன. அவையும் எதிரியின் தந்திரமாகவே தோன்றின.

1959-இல் நடந்த தேடலின்போது ஒனோடாவின் அண்ணன் தோஷியோ நேரிலேயே லுபாங்குக்கு வந்து, ஒலிபெருக்கியில் தம்பியைப் பெயர் சொல்லி அழைத்தார், மாணவப் பருவத்துப் பாடல் ஒன்றைப் பாடினார். ஒளிந்திருந்து கேட்ட ஒனோடா, குரல் அண்ணனுடையது போலவே இருக்கிறதே என்று முதலில் வியந்தார். ஆனால் பாடலின் முடிவில் குரல் பிசிறியது. இவன் அண்ணனைப் போலப் பேசப் பயிற்சி பெற்ற வேற்றாள், பாட்டு முடியும் வரை அவனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று அவர் தமக்குள் முடிவு கட்டினார். உண்மையில் அண்ணனின் தொண்டை துக்கத்தில் அடைத்திருந்தது. உறவின் ஆழத்தைக் காட்டிய அந்தத் தழுதழுப்பே ஆள்மாறாட்டத்துக்குச் சாட்சியாகிவிட்டது. இந்த நிகழ்வு முழுவதிலும் என்னால் எளிதில் கடந்துபோக முடியாத இடம் இது. நம் வீடுகளிலும் இது நடக்கிறது. பழைய மனத்தாங்கலில் ஊறிப்போன ஒருவரிடம் உடன்பிறந்தவர் கண்கலங்கிப் பேசும்போது, அந்தக் கண்ணீரையே நடிப்பின் அடையாளமாக அவர் எடுத்துக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அன்பைக் கூட அவர் தம் பழைய வழக்கின் ஆவணமாகத்தான் படிக்கிறார்.

தேடல் குழுவினர் விட்டுச்சென்ற செய்தித்தாள்களை ஒனோடாவும் கொசுகாவும் படித்தார்கள். பின்னாளில் ஒரு டிரான்சிஸ்டர் வானொலியும் அவர்கள் கைக்கு வந்தது. ஜப்பான் செழிப்பாக இருக்கிறது என்பதை அவற்றிலிருந்து அறிந்துகொண்டார்கள். அந்தச் செழிப்பையே ஜப்பான் தோற்கவில்லை என்பதற்குச் சான்றாக ஒனோடா கொண்டார். கடைசி மனிதன் இருக்கும் வரை போரிட்டு மடிவோம் என்று சபதம் செய்த நாடு தோற்றிருந்தால், அங்கே உயிரோடு யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் அல்லவா என்பது அவர் வாதம். உள்ளுக்குள் முரணே இல்லாத வாதம் இது. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட ஒரே ஓர் எடுகோள் மட்டுமே பிழை.

ஆகவே இவரை அறியாமையில் உழன்றவர் என்று வகைப்படுத்துவது பொருந்தாது. தகவல் அவரிடம் ஏராளமாக இருந்தது. வந்த ஒவ்வொரு தகவலையும் பழைய கதைக்குள் பொருத்திக்கொள்ளும் திறமையும் அவருக்கு இருந்தது, உளவுப் பயிற்சி அத்திறமையைக் கூர்மையாக்கியும் இருந்தது. 1957-இல் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் அறிதல் முரண் என்ற கோட்பாட்டை முன்வைத்தார். தாம் உறுதியாகப் பற்றியிருக்கும் நம்பிக்கைக்கு மாறான செய்தி வரும்போது, நம்பிக்கையை மாற்றுவதைவிடச் செய்தியின் பொருளை மாற்றிக்கொள்வது மனிதருக்கு எளிதாக இருக்கிறது என்பது அதன் ஒரு பகுதி. அந்த நம்பிக்கைக்காக ஒருவர் கொடுத்த விலை கூடக்கூட, அதைக் கைவிடுவதும் கடினமாகிக்கொண்டே போகிறது.

கொடுத்த விலை என்று இங்கே எதைச் சொல்கிறோம் என்பதைக் காலவரிசை காட்டுகிறது. அகாட்சு 1949 செப்டம்பரில் மற்றவர்களைப் பிரிந்து சென்று, ஆறு மாதங்கள் தனியே அலைந்து, 1950-இல் சரணடைந்தார். மிஞ்சிய மூவரும் அவரைத் துரோகியாகக் கருதி இன்னும் எச்சரிக்கையானார்கள். 1953-இல் ஷிமாடாவின் காலில் குண்டு பாய்ந்தது. காயத்தை ஒனோடா பராமரித்து ஆற்றினார். 1954 மே 7 அன்று, அவர்களைத் தேடி வந்த குழுவினரோடு நடந்த மோதலில் ஷிமாடா கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு போர் 1945-இலேயே முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதென்றால், ஷிமாடா எதற்காக இறந்தார் என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். 1972 அக்டோபர் 19 அன்று, உழவர்கள் அறுவடை செய்து வைத்திருந்த நெல்லுக்குத் தீ வைக்கும்போது காவல் துறையினரின் குண்டுக்குக் கொசுகா பலியானார். 27 ஆண்டுகள் உடனிருந்த ஒரே தோழரின் சாவையும் அந்தக் கேள்வி இப்போது சேர்த்துக்கொண்டது. இறந்தவர்களை வீணாக இறந்தவர்களாக ஆக்கிவிடக் கூடாது என்ற பற்று, உயிரோடு இருப்பவரைப் பழையதில் கட்டிப்போடும் கயிறுகளில் மிக முறுக்கேறியது. அது சுயநலம் அன்று என்பதாலேயே அதை அறுப்பது இன்னும் சிரமம்.

குவாம் தீவில் நடந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 1972 ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்ட ஷோயிச்சி யோகோயி என்ற ஜப்பானியச் சிப்பாய், போர் முடிந்ததை 1952 வாக்கிலேயே அறிந்திருந்தார். ஆனாலும் வெளியே வரவில்லை. உயிரோடு திரும்புவதே வெட்கம் என்ற எண்ணம் மேலும் இருபது ஆண்டுகள் அவரைக் குகையில் வைத்திருந்தது. ஒனோடா நம்பவில்லை, யோகோயி நம்பினார், இருவரும் காட்டிலேயே இருந்தார்கள். உண்மையைத் தெரிந்துகொண்டால் மனம் தானாக விடுபடும் என்று எண்ணுபவர்கள் யோகோயியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இளைஞன் கேட்ட கேள்வி

கொசுகா இறந்த பிறகு ஒனோடா சுமார் 16 மாதங்கள் முற்றிலும் தனியாக இருந்தார். அவருடைய உலகத்தை அதுவரை தாங்கியது அவர் நெஞ்சுறுதி மட்டுமன்று. அன்றாடம் அதை ஆமோதித்துக்கொண்டிருந்த இன்னொரு மனிதரும் பக்கத்தில் இருந்தார். இருவர் சேர்ந்து நம்பும்போது அது உலகமாகிவிடுகிறது, ஒருவர் மட்டுமே நம்பும்போது அதைக் கட்டிக்காக்கும் உழைப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. இந்தத் தனிமை அவரை இளக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதுவே அவரை வெளியே கொண்டுவந்துவிடவில்லை என்பது உறுதி.

கொசுகாவின் மறைவுக்குப் பின் ஜப்பானிலிருந்து பெரிய அளவில் தேடல் குழுக்கள் வந்து, பலனின்றித் திரும்பின. 1974 பிப்ரவரி 20 அன்று நோரியோ சுசுகி என்ற 24 வயது இளைஞர் அவரைக் கண்டார். படிப்பை விட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த சுசுகி, லெப்டினன்ட் ஒனோடாவையும், ஒரு பாண்டாவையும், இமயத்துப் பனிமனிதனையும் அந்த வரிசையிலேயே காணப்போவதாக நண்பர்களிடம் கூறிவிட்டுக் கிளம்பியவர். காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கிய நான்கு நாட்களில் ஒனோடா அவர் முன்னால் வந்து நின்றார்.

சுசுகியிடம் படை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, புதிய சான்று எதுவும் இல்லை. பேரரசரும் ஜப்பான் மக்களும் உங்களைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று சொன்னார். இருவரும் இரவெல்லாம் பேசினார்கள். ஏன் வெளியே வர மறுக்கிறீர்கள், என்ன நடந்தால் வருவீர்கள் என்ற திசையில் பேச்சு போனது. ஒனோடாவின் பதில் தெளிவாக இருந்தது: என் மேலதிகாரி வந்து கட்டளையிட்டால் வருவேன். சுசுகி மறுத்துப் பேசவில்லை. சந்தித்ததற்குச் சான்றாகப் படங்கள் எடுத்துக்கொண்டு ஜப்பான் திரும்பினார். அரசு தனிகுச்சியைத் தேடிக் கண்டுபிடித்தது.

29 ஆண்டுகள் பிலிப்பைன்ஸ் படையினரும், ஜப்பானிய அதிகாரிகளும், உற்றாரும் சாதிக்காததை இந்த இளைஞர் சாதித்தது எப்படி? அவர்கள் எல்லோரும் ஒனோடாவின் நம்பிக்கை பொய் என்று நிறுவ முயன்றார்கள். சுசுகி, அந்த நம்பிக்கைக்குள்ளேயே ஒரு கதவு இருக்கிறதா என்று விசாரித்தார். கதவு இருந்தது. தொடக்கத்திலிருந்தே அது அங்கே இருந்தது. நாங்கள் திரும்பி வருவோம் என்று சொன்னவர்கள் திரும்பி வந்தால் போதும். ஒனோடாவுக்குத் தேவைப்பட்டது தகவலன்று, விடுவிப்பு. அதைத் தரும் உரிமை யாருக்கு உண்டோ அவர் மட்டுமே அதைத் தர முடியும். உடன்பிறந்த அண்ணனுக்குக் கூட அந்த உரிமை இல்லை என்பதை நினைக்கையில், அன்பு மட்டும் ஏன் சில இடங்களில் தோற்றுப்போகிறது என்பது எனக்குப் புரிகிறது.

இதை மனநலப் பணியில் இருப்பவர்களும், குடும்பத்தில் ஒருவரை மீட்கப் போராடிக்கொண்டிருப்பவர்களும் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பழையதில் சிக்கியிருப்பவர் பெரும்பாலும் யாருக்கோ ஒரு சொல் கொடுத்திருக்கிறார். இறந்துபோன தந்தைக்குக் கொடுத்ததாக இருக்கலாம், சிறுவயதில் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். இந்த அவமானத்தை மறக்க மாட்டேன், இந்த வீட்டை விற்க மாட்டேன், அவனை மன்னிக்க மாட்டேன் என்பது போன்ற சொல் அது. அதை முட்டாள்தனம் என்று வெளியிலிருந்து எவ்வளவு வலுவாகச் சொன்னாலும், அவர் காதில் அது வாக்குத் தவறச் சொல்லும் தூண்டுதலாகவே விழும். சொல்லைக் கொடுக்க வைத்தவர் உயிரோடு இருந்தால் அவரைக் கொண்டே அதைத் திரும்பப் பெற வைக்கலாம். இல்லையென்றால், உன் கடமை முடிந்தது என்று சொல்லத் தகுதியுடைய வேறு ஒருவரை, ஒரு மூத்தவரையோ ஒரு சடங்கையோ, தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் நேர்த்திக்கடனை இன்னொன்றாக மாற்றிச் செலுத்தவும், நிறைவேற்றிக் காப்பை அவிழ்க்கவும் முறைகள் வைத்திருந்தார்கள். அவற்றில் இத்தகைய அறிவு இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தனிகுச்சி கட்டளையை வாசித்து முடித்த கணத்தை ஒனோடா பின்னாளில் விவரித்திருக்கிறார். எல்லாம் இருண்டதாகவும், உள்ளே புயல் வீசியதாகவும், இத்தனை ஆண்டுகள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன், தோழர்கள் எதற்காக இறந்தார்கள் என்ற கேள்விகள் எழுந்ததாகவும் கூறுகிறார். பிறகு தம் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை வெளியே எடுத்தார். எப்போதும் முதுகில் சுமந்த மூட்டையை இறக்கி, அதன் மேல் துப்பாக்கியைக் கிடத்தினார். அந்தத் துப்பாக்கி அதுவரை சுடும் நிலையில் பேணப்பட்டிருந்தது. சுமார் 500 தோட்டாக்களும், சில கையெறிகுண்டுகளும், தாயார் கொடுத்த குறுவாளும் கூடவே இருந்தன. விடுதலை மகிழ்ச்சியாக வரவில்லை என்பது இங்கே பதிவாகியிருக்கிறது. பழையதை விட்டவுடன் நெஞ்சு லேசாகிவிடும் என்று சொல்பவர்கள், அதற்கு முன்னால் வரும் இந்த இருட்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். முதலில் கணக்கு முழுவதும் கண்முன் வருகிறது. அப்போது அவருக்கு 52 வயது நிறைய இன்னும் பத்து நாட்கள் இருந்தன.

இரண்டாம் வாழ்க்கை

மார்ச் 11 அன்று மணிலாவில் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸிடம் அவர் தம் வாளை ஒப்படைத்தார். மார்க்கோஸ் வாளைத் திருப்பிக் கொடுத்து, போர் நடப்பதாக நம்பிச் செய்த செயல்கள் என்ற அடிப்படையில் மன்னிப்பும் வழங்கினார். ஜப்பானில் பெருங்கூட்டம் அவரை வரவேற்றது. நிலுவைச் சம்பளமாக அரசு கொடுக்க முன்வந்த பெருந்தொகையை அவர் மறுத்தார். அன்பர்கள் வற்புறுத்திக் கொடுத்த பணத்தை போரில் இறந்த ஜப்பானியர்களுக்கான யசுகுனி ஆலயத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் அங்கே அவரால் வாழ முடியவில்லை. ஒரு தலைமுறைக்குள் உருமாறிவிட்ட நாடு அவருக்கு அந்நியமாக இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு என்று நினைக்கிறேன். நாடு அவரை நேற்றைய நினைவுச் சின்னமாக நடத்தியது. சென்ற இடமெல்லாம் காட்டைப் பற்றியே கேட்டார்கள். காட்டிலிருந்து வெளியே வந்தவரைச் சுற்றியிருந்தவர்களின் ஆவல் மீண்டும் காட்டுக்குள்ளேயே நிறுத்திவைத்தது. விடுபட்ட ஒருவர் வளர்வதற்கு, அவருடைய பழைய கதையை நாள்தோறும் கேட்காத ஓர் இடம் வேண்டும். 1975-இல் அவர் தம் அண்ணன் தடாவோ குடியேறியிருந்த பிரேசிலுக்குப் போனார். இன்றைய மாட்டோ குரோசோ டோ சுல் மாநிலத்தில் உள்ள தெரெனோஸ் பகுதியில், ஜப்பானியர் குடியிருப்பு ஒன்றில் நிலம் திருத்தி மாடு வளர்த்தார். 1976-இல் மணம் புரிந்துகொண்டார். அரை நூற்றாண்டைக் கடந்த வயதில், முன்அனுபவம் இல்லாத தொழிலில், மொழி தெரியாத நாட்டில் அவர் எடுத்த இந்த முடிவுதான் இந்த நிகழ்வில் வளர்ச்சி என்ற சொல்லுக்கு உரிய முதல் இடம். கட்டளை திரும்பப் பெறப்பட்டதை விடுதலை என்று சொல்லலாம், வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன். எவருடைய கட்டளையும் இல்லாமல் அவர் தாமாகச் செய்த முதல் பெரிய காரியம் பிரேசில் பயணமே.

அவர் போய்ச் சேர்ந்த நாட்டின் ஜப்பானியச் சமூகமும் ஒரு காலத்தில் அவரைப் போலவே இருந்தது. 1945-க்குப் பின், ஜப்பான் தோற்கவில்லை என்று உறுதியாக நம்பிய குடியேறிகள் பிரேசிலில் திரளாக இருந்தார்கள். சாவோ பாவ்லோ மாநிலத்தில் ஷிந்தோ ரென்மெய் என்ற இரகசிய அமைப்பைச் சேர்ந்தவர்கள், தோல்வியை ஒப்புக்கொண்ட தம் சொந்த மக்களையே கொன்றார்கள். 1946-இலும் 1947-இலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இப்படி உயிரிழந்தனர். காடு இல்லாமலும், செய்தித்தாளும் வானொலியும் கைக்கெட்டும் நகரங்களிலும் இது நடந்தது. ஒனோடாவின் நிலையைத் தனியொருவரின் விசித்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

1980-இல் ஜப்பானில் ஓர் இளைஞன் தன் பெற்றோரைப் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்ற செய்தியை அவர் படித்தார். அது அவரை உலுக்கியது. 1984-இல் ஜப்பான் திரும்பி, சிறுவர்களும் இளைஞர்களும் இயற்கையோடு வாழக் கற்றுக்கொள்ளும் ஒரு முகாம் பள்ளியைத் தொடங்கினார். நெருப்பு மூட்டுவது, தண்ணீர் தேடுவது, காட்டில் அச்சமின்றித் தங்குவது, உடனிருப்பவருக்கு உதவுவது ஆகியவை காடு அவருக்குக் கற்றுத் தந்தவை. போருக்காகக் கற்றவற்றைக் குழந்தைகளுக்காகப் பயன்படுத்தியபோது, அந்த 29 ஆண்டுகள் அவர் சுமக்கும் பாரமாக இருந்த நிலை மாறி, எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருளாயின. அவர் எதையும் மறந்துவிடவில்லை. மறந்திருந்தால் கற்பிக்க ஒன்றும் இருந்திருக்காது. விட்டுவிடுதல் என்பதற்கு மறதி என்று பொருள் கொள்பவர்களுக்கு இந்தப் பள்ளி ஒரு நல்ல மறுப்பு.

லுபாங் மக்கள்

இத்தோடு நிறுத்தினால் இது ஓர் ஊக்கக் கதையாக முடியும். அப்படி முடிக்க எனக்கு மனம் இடம் தரவில்லை. ஒனோடாவும் தோழர்களும் காட்டில் இருந்த காலத்தில் தீவு மக்களில் சுமார் 30 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எந்தப் படையையும் சேர்ந்தவர்களல்லர். மலையடிவாரத்தில் நெல் பயிரிட்டவர்கள், மாடு மேய்த்தவர்கள், காட்டோரம் வேலைக்குப் போனவர்கள். அறுவடைக் காலத்தில் நெற்குவியல் எரிந்தது, மாடுகள் காணாமல் போயின. ஜப்பானிலும் மற்ற நாடுகளிலும் அசைக்க முடியாத மன உறுதியின் கதையாகச் சொல்லப்படுவது, லுபாங்கில் உறவினரை இழந்த குடும்பங்களின் கதையாக இருக்கிறது.

மார்க்கோஸின் மன்னிப்பு சட்டப்படி செல்லும். ஆனால் இந்த நிகழ்வு நமக்குக் கற்றுத் தந்த அளவுகோலையே இங்கும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவரைக் கடந்த காலத்திலிருந்து விடுவிக்கும் உரிமை அதற்கு உரியவருக்கே உண்டு என்றால், கொலைகளின் பொருட்டு ஒனோடாவை விடுவிக்கும் உரிமை மணிலாவில் இருந்த அதிபருக்கு எப்படி வந்தது? இராணுவக் கடமைக்கு உரியவர் தனிகுச்சி, அவர் வந்தார். உயிரிழப்புகளுக்கு உரியவர்கள் லுபாங்கின் விதவைகளும் பிள்ளைகளும், அவர்களை 1974-இல் யாரும் அழைத்துக் கேட்கவில்லை. பழையதை விட்டுவிடுவதற்கும் பழையதற்குப் பொறுப்பேற்காமல் நழுவுவதற்கும் இடையிலான கோடு இங்கேதான் விழுகிறது. பாதிக்கப்பட்டவர் விட்டுவிடுவது வேறு. பாதித்தவர் தம் சௌகரியத்துக்காக விட்டுவிடுவது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும்போது, தீங்கு செய்தவருக்கு அது மிக எளிதான புகலிடமாகிவிடுகிறது.

1996-இல் ஒனோடா மனைவியுடன் லுபாங்குக்குச் சென்றார். தீவின் பள்ளிக்கு 10,000 அமெரிக்க டாலர் நன்கொடை கொடுத்தார். திரும்பிச் செல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதை நான் மதிக்கிறேன். அவர் போகாமலும் இருந்திருக்கலாம், அவரை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. ஆயினும் அந்தக் கொலைகளைப் பற்றி எழுந்த கேள்விகளுக்கு நேரடியாக விடை தராமல் விலகிக்கொண்டார் என்ற குறை அவர் மீது வைக்கப்பட்டது. தம் போரைப் பற்றி அவர் நூல் எழுதினார், பல மேடைகளில் பேசினார், தம்மை விடுவித்த கட்டளையின் ஒவ்வொரு வரியையும் பதிவு செய்தார். அந்த 30 பேர் குறித்து அதே நுணுக்கத்தோடு அவர் பேசியிருந்தால், 1974-இல் இராணுவக் கடமையிலிருந்து கிடைத்ததைப் போன்ற ஒரு விடுவிப்பு, இம்முறை உரியவர்களின் வாயிலிருந்தே, அவருக்குக் கிடைத்திருக்கக்கூடும். கிடைக்காமலும் போயிருக்கலாம். கேட்டிருந்தால்தான் தெரிந்திருக்கும்.

அவரை வெளியே அழைத்து வந்த சுசுகி, தம் பட்டியலின் கடைசிப் பெயரான பனிமனிதனைத் தேடிப்போய் 1986-இல் இமயமலையில் உயிரிழந்தார். ஒனோடா 2014 ஜனவரி 16 அன்று டோக்கியோவில் தம் 91-ஆம் வயதில் காலமானார். லுபாங்கில் அவர் கொடுத்த பணம் பிள்ளைகளின் படிப்புக்குப் போனது. அந்தத் தீவின் உழவர் குடும்பங்கள் கேட்ட கேள்விக்கு அவரிடமிருந்து விடை வரவில்லை.